எதிரணியின் மேசை

1

எங்கள் ஊர்ச் சஞ்சிகைக்கு இதுவரை என் பெயரில் வந்ததெல்லாம் மரண அறிவித்தலில் ஒரு வரி, கோயில் திருவிழாவுக்கு ஒரு வாழ்த்து. அவற்றையும் மகன்தான் எழுதி அனுப்பினான். இதை நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன கை இது. ஒரு பக்கம் எழுத ஒரு பின்னேரம் போய்விடுகிறது. போகட்டும், எனக்கு இங்கே அவசரம் ஒன்றுமில்லை. எழுத்துப் பிழை இருந்தால் ஆசிரியர் தம்பி திருத்திப் போடட்டும். சொன்ன விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

சிட்னியில் டூங்கபி என்ற இடத்தில் மகன் ரமணனோடு இருக்கிறேன். சனிக்கிழமைகளில் விளையாடுகிற ஒரு தமிழ்க் கிரிக்கெட் அணிக்கு அவன்தான் தலைவன். அந்த அணியில் தர்சன் என்றொரு பொடியன் பந்து வீசினான். இப்போது இல்லை. அவனுக்காக எல்லாரும் முழங்காலில் இருந்தபோது அவன் மட்டும் நிமிர்ந்து நின்றான், நன்றிகெட்டவன் என்று இங்கே எங்கள் சனம் கதைக்கிறது. கோயிலில் கதைக்கிறார்கள், மரக்கறிக் கடையில் கதைக்கிறார்கள். ஊருக்கும் அந்தக் கதை வந்திருக்கும்.

அந்தப் பெயர் அவனுக்கு என்னால் வந்தது. எப்படி வந்தது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

இங்கே பூங்காக்களில் நடக்கிற கிரிக்கெட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. எந்த அணியின் மைதானமோ அந்த அணி, வந்தவர்களுக்கும் சேர்த்துப் பாதி ஆட்டத்தில் தேநீர் கொடுக்க வேண்டும். எங்கள் அணிக்கு அந்தப் பொறுப்பு என்னுடையது. வெள்ளிக்கிழமை பின்னேரமே குசினியில் இறங்கிவிடுவேன். ரோல்ஸ், மீன் பற்றிஸ், வடை. மற்ற அணிக்காரர் சிலர் எங்களோடு விளையாட வருவதே அந்த ரோல்ஸுக்குத்தான் என்று ரமணன் சொல்லுவான். அதைக் கேட்டு நான் சிரிக்கமாட்டேன். உண்மையைச் சொன்னால் ஏன் சிரிக்க வேண்டும்?

இரண்டு மேசை போடுவோம். ஒன்று எங்கள் பொடியன்களுக்கு, உறைப்போடு. மற்றது எதிரணிக்கு. அதில் சான்ட்விச், கேக், வெட்டிய பழம், உறைப்புக் குறைத்த ரோல்ஸ். வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒருமுறை எங்கள் மேசை வடையைக் கடித்துவிட்டுக் குழாயடிக்கு ஓடியதிலிருந்து வந்த ஏற்பாடு.

நாங்கள் இன்னொரு மைதானத்துக்குப் போய் விளையாடிய ஒரு சனிக்கிழமை அது நடந்தது. நான் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் மடிக்கிற கதிரையில் இருந்தேன். தர்சன் எனக்கு முன்னால் நின்று பந்து பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தில் துடுப்பெடுத்தாடக் காத்திருந்த எதிரணிப் பொடியன்கள் சிலர் புல்லில் இருந்தார்கள். அவர்களில் காதில் தோடு போட்ட ஒருவன் தர்சனைப் பார்த்து ஒரு மிருகத்தின் பெயரைச் சொன்னான். பிறகு அந்த மிருகத்தின் சத்தத்தையும் போட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

தர்சன் திரும்பி என்னைப் பார்த்தான். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்திருப்பான்.

"சும்மா பகிடி அன்ரி," என்றான்.

எனக்கு ஆங்கிலம் தெரியாதுதான். வந்த புதிதில் அரசாங்கம் நடத்திய வகுப்புக்குச் சில நாள் போனேன். படம் காட்டிப் படிப்பித்தார்கள். பழங்கள் முடிந்தது, மரக்கறி முடிந்தது, மிருகங்களோடு நான் நின்றுவிட்டேன். ஆகவே 'மங்கி' எனக்குத் தெரியும்.

ரமணன் போட்டி நடத்துகிறவர்களுக்கு முறைப்பாடு எழுதினான். அந்தச் சொல்லைக் காதால் கேட்ட சாட்சி யார் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். தோட்டுப் பொடியன் மறுத்துவிட்டான், அவனுடைய ஆட்கள் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லையாம். தர்சனைத் தவிர, கேட்டது நான் ஒருத்திதான். எனக்காகத் தொலைபேசியில் மொழிபெயர்க்க ஒரு பெண்ணைப் பிடித்தார்கள். இந்தியத் தமிழ்ப் பிள்ளை.

"அம்மா, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லணும். நீங்க தமிழ்ல சொன்னா நான் மாத்திச் சொல்றேன்," என்றாள்.

"நீ மாத்த வேண்டாம் பிள்ளை. நான் நேராச் சொல்லுறன்," என்று சொல்லி, அந்த ஆங்கிலச் சொல்லையும் பிறகு அந்தச் சத்தத்தையும் தொலைபேசிக்குள் போட்டுக் காட்டினேன்.

"புரிஞ்சிருச்சும்மா, போதும்," என்றாள் அந்தப் பிள்ளை.

என் வாய்ச்சொல்லில் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. தோட்டுப் பொடியனுக்குச் சில ஆட்டங்கள் தடை. தடை முடிந்ததும் எங்கள் மைதானத்துக்கு வந்து எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தக் கிழமை நான் கோயிலுக்குப் போனபோது கொஞ்சம் நிமிர்ந்துதான் போனேன்.

3

மிச்ச ஆட்டங்கள் எல்லாவற்றிலும், நிறவெறியை எதிர்த்து, ஆட்டம் தொடங்குமுன் அணி முழுவதும் ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி இருப்பது என்று பொடியன்கள் முடிவெடுத்தார்கள். எங்கள் வீட்டு முன்னறையில்தான் அந்தக் கூட்டம். அணிக்குப் புரவலர் சிவம். ஓய்வுபெற்ற கணக்காளர், எங்கள் ஊர், எனக்குத் தூரத்து உறவும். அவருக்கு இது பிடிக்கவில்லை.

"தம்பி, இது விளையாட்டு. இதுக்குள்ள அரசியலைக் கொண்டு வராதேங்கோ. இருக்க இடம் தந்த நாடு. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு விளையாடிப்போட்டு வரோணும்," என்றார்.

"அங்கிள், இலங்கை டீம் இஞ்ச விளையாட வரேக்க மைதான வாசல்ல கொடி பிடிச்சுக்கொண்டு நிண்டது ஆர்?" என்று ரமணன் கேட்டான்.

"அது வேற."

"என்ன வேற? டிக்கெட் எடுத்து உள்ள போன எங்கட ஆக்களைத் துரோகியெண்டு பேசினதும் நீங்கள்தானே."

"அது எங்கட பிரச்சினை, தம்பி. இது அமெரிக்காவில கறுப்பன்ர பிரச்சினை. அவனை அடிமையா வைச்சிருந்தவங்கள், அவன் முழங்காலில இருக்கிறான். எங்களை ஆர் அடிமையா வைச்சிருந்தது?"

"தர்சனைக் குரங்கு எண்டவன் அவன் எந்த நாட்டுக் கறுப்பன் எண்டு கேட்டோ சொன்னவன்?"

பொடியன்கள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். தர்சன் மட்டும் கதவடியில் நின்று தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தேநீர்த் தட்டத்தோடு வந்தவள், சும்மா போயிருக்கலாம். போகவில்லை.

"சிவம், பொடியள் செய்யட்டும். என்ர முழங்கால் மடியுமெண்டா நானும் போய் இருப்பன்," என்றேன்.

"பரமேசக்காவே சொல்லிப்போட்டா, இனி அப்பீல் இல்லை," என்று சிவம் கையை விரித்தார். பொடியன்கள் எனக்குக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போது காது கூசுகிறது.

4

அடுத்த நாள் வெங்காயம் உரித்துக்கொண்டு ரமணனிடம் கேட்டேன், உந்த அடிமைக் கதை என்ன, சரியாகச் சொல்லு என்று. சொன்னான். ஆபிரிக்காவில் சனத்தைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் விற்றார்களாம். பிள்ளையை ஒருவனுக்கும் தாயை இன்னொருவனுக்கும் விற்றார்களாம். அமெரிக்காவில் மட்டும் இல்லை, இந்த அவுஸ்திரேலியாவிலும் கரும்புத் தோட்டங்களுக்குப் பக்கத்துத் தீவுகளில் இருந்து கறுப்புச் சனத்தை ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவந்தார்களாம். அது முடிந்து எவ்வளவோ காலம் போய்விட்டது, ஆனால் பார்க்கிற பார்வை இன்னும் போகவில்லை, அதற்குத்தான் முழங்கால் என்றான்.

"மனிசரை மனிசர் விக்கிறதோ? உதென்ன சாதிச் சனமடா," என்றேன்.

சொல்லிவிட்டு வெங்காயத்தை வெட்டினேன். வெட்டும்போது எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லுகிற ஒரு பெருமை ஞாபகம் வந்தது. என் அம்மாவின் பூட்டிக்குக் கலியாணத்தில் கொடுத்த சீதனம். தோட்டக்காணி இவ்வளவு, கிணற்றில் பங்கு, பனந்தோப்பு, அதோடு இரண்டு குடும்பம். அப்படித்தான் சொல்லுவார்கள். காணியைச் சொல்லுகிற அதே மூச்சில் அந்தக் குடும்பங்களையும் சொல்லுவார்கள். சின்ன வயதில் அதை நான் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு குடும்பத்தில் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன பெயர் என்று ஒருவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

சிவம் கேட்டாரே, எங்களை யார் அடிமையாக வைத்திருந்தது என்று. ரமணனுக்கு இதைச் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் என்று அவன் நினைத்திருப்பான். வெங்காயம்தான். அன்றைக்கு எனக்கு அது கதையாகத்தான் இருந்தது.

5

மன்னிப்புக் கேட்கிற நாள் வந்தது. எங்கள் மைதானம், நல்ல வெயில். தோட்டுப் பொடியனைப் பயிற்றுவிப்பாளர் தோளில் கைவைத்துக் கூட்டிவந்தார். அவன் முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லி, தர்சனுக்குக் கை கொடுத்தான். தர்சனும் கொடுத்தான். பிறகு எங்கள் பொடியன்கள் வரிசையாக ஒரு முழங்காலில் இருந்தார்கள், தர்சன் நடுவில். எதிரணியிலும் சிலர் இருந்தார்கள்.

தேநீர் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண் என்னிடம் வந்தாள். கையில் பெரிய பெட்டி.

"அக்கா, நான் தர்சன்ர அம்மா, கமலா. நீங்கள்தான் சாட்சி சொன்னனீங்கள் எண்டு மகன் சொன்னவன். வெறுங்கையோட வர மனமில்லை. எங்கட பொடியளுக்குச் சூசியம் கொண்டு வந்தனான்."

பெட்டியைத் திறந்தாள். பயறும் சர்க்கரையும் உருட்டி மாவில் தோய்த்துப் பொரித்தது, எல்லாம் ஒரே அளவு, எண்ணெய் வடிந்து பொன்னிறமாக இருந்தது. என் கண்ணுக்குக் குறை தெரியவில்லை, என் கண் குறை பிடிக்கிற கண்.

"அருமையாச் செய்திருக்கிறாய், தங்கச்சி. எந்த ஊர்?"

சொன்னாள். எங்கள் ஊர்.

"எங்கட ஊரோ! எந்தப் பக்கம்?"

"சந்தைக்குப் பின்னால, அக்கா."

"சந்தைக்குப் பின்னாலயெண்டா, பள்ளிக்கூடத்துக்கு இங்காலையோ அங்காலையோ?"

எங்கள் ஆட்களுக்கு இந்தக் கேள்விகள் எதற்கென்று தெரியும். ஊர் கேட்போம், பக்கம் கேட்போம், ஒழுங்கை கேட்போம். சாதி கேட்கவேமாட்டோம். கமலாவுக்கும் தெரியும். அவள் சிரித்தாள்.

"அங்காலை. பனங்காணிப் பக்கம். நீங்கள் நினைக்கிற ஆக்கள்தான், அக்கா."

இங்கே பிறந்த பிள்ளைகள் யாரும் இதை வாசித்தால் விளங்கட்டும் என்று எழுதுகிறேன். அந்தப் பக்கத்துச் சனத்தை எங்கள் வீடுகளில் படலைக்கு உள்ளே எடுக்கமாட்டார்கள். தண்ணீர் கேட்டால் சிரட்டையில் வார்ப்பார்கள். அவர்கள் கை பட்டதை நாங்கள் வாயில் வைக்கமாட்டோம்.

பெட்டியை வாங்கினேன். எங்கள் மேசை எனக்குக் கையெட்டுகிற தூரத்தில் இருந்தது. அதைத் தாண்டிப் போய், பெட்டியை எதிரணியின் மேசையில் வைத்தேன்.

நினையாமல் செய்துவிட்டேன், கை பழக்கத்தில் செய்துவிட்டது என்று எழுதலாம். அது பொய். நடந்துபோகிற அந்தச் சின்னத் தூரத்தில் நன்றாக யோசித்தேன். இனிப்புத்தானே, வெள்ளைக்காரப் பிள்ளைகள் விரும்புவார்கள் என்று சொல்லலாம் என்பதையும் யோசித்து வைத்திருந்தேன்.

பொடியன்கள் வந்தார்கள். சிவம் சூசியத்தைக் கண்டுவிட்டு அந்த மேசைக்குக் கையை நீட்டினார்.

"அது அவைக்கு, சிவம்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், கமலாவைப் பார்த்தார், கையை எடுத்தார். பிறகு எங்கள் பக்கத்தில் இருந்து ஒரு கையும் அங்கே போகவில்லை. எதிரணிப் பொடியன்கள் சூசியத்தை மொய்த்துவிட்டார்கள். தோட்டுப் பொடியன் இரண்டு கையிலும் ஒவ்வொன்று வைத்துக்கொண்டு கமலாவிடம் வந்து, "வெரி நைஸ், மிஸஸ்," என்றான். அவளுடைய பிள்ளையைக் குரங்கு என்றவன் அவள் கையால் செய்ததைச் சாப்பிட்டான். அவனைக் குற்றவாளி ஆக்கிய நான் சாப்பிடவில்லை.

தர்சன் எங்கள் மேசையில் எடுத்த ரோல்ஸைத் திரும்ப வைத்தான். எதிரணியின் மேசைக்கு நடந்துபோய், பெட்டியில் இருந்து ஒரு சூசியத்தை எடுத்து, அவர்களோடு நின்று மெதுவாகத் தின்றான்.

வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு கமலா வந்தாள்.

"போட்டு வாறன், அக்கா," என்றாள்.

6

அடுத்த சனிக்கிழமை எல்லாரும் முழங்காலில் இருந்தபோது தர்சன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். யாரோ படம் எடுத்து எங்கள் ஆட்களின் வட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டார்கள். பத்துப்பேர் முழங்காலில், நடுவில் இவன் மரம்போல. ஆட்டம் முடிந்து ரமணன் ஏனென்று கேட்டதற்கு அவன் ஆங்கிலத்தில் சொன்ன பதில், உங்களோடு சேர்ந்து நான் முழங்காலில் இருக்கமாட்டேன் என்பது மட்டும்தான். அடுத்த கிழமை அவன் வரவில்லை.

திரும்ப எங்கள் முன்னறையில் கூட்டம்.

"அவனுக்காகத் தடை வாங்கிக் குடுத்தம், அவனுக்காக முழங்காலில இருந்தம். அவன் எங்கட மூஞ்சையில கரியைப் பூசிப்போட்டுப் போயிட்டான்," என்றான் ஒரு பொடியன்.

"உதுக்குத்தான் ஆக்களைப் பாத்துச் சேர்க்கோணும் எண்டுறது," என்றார் சிவம்.

"அந்தக் கதை வேண்டாம், அங்கிள்," என்றான் ரமணன். சத்தமில்லாமல் சொன்னான். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, டீ போடுங்கோவன்," என்றான்.

போட்டேன். நன்றிகெட்டவன் என்ற சொல் அந்த அறையில் அப்படியே இருந்தது. அதை எடுத்து எறிய என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. நான் சீனி அளவு கேட்டுக்கொண்டு நின்றேன்.

எல்லாரும் போனபிறகு ரமணனைக் குசினிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். சூசியத்தை ஏன் மாற்றி வைத்தேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். அவன் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டான், திரும்பவில்லை.

"தெரியும், அம்மா. கண்டனான்."

"கண்டனியோ?"

"தர்சனிட்டையும் அண்டைக்கே சொன்னனான். அம்மா வயசு போன ஆள், பழைய காலத்து மனிசி, பெரிசா எடுக்காதை எண்டு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த வயதிலும் நாற்பது பேருக்குத் தனியாகச் சமைக்கிறேன். சாட்சி சொல்ல வயது போகவில்லை. கைதட்டு வாங்க வயது போகவில்லை. இதற்கு மட்டும் வயது போய்விட்டதோ?

"நான் வயசு போய்ச் செய்யேல்லை, ரமணன். அறிஞ்சு செய்தனான். சரி, நீ இளந்தாரிதானே. நீ அந்த மேசைக்குப் போய் ஒண்டு எடுத்துத் திண்டனியோ?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினான்.

"எனக்குப் பசிக்கேல்லை, அம்மா," என்றான்.

7

ரமணனிடம் சொல்லாமல் பஸ் எடுத்து கமலா வீட்டுக்குப் போனேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வேலை உடுப்போடு கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லி, கதிரையைக் காட்டினாள். நான் இருக்கவில்லை. இருந்தால் எழும்ப நேரம் எடுக்கும், அதற்குள் தைரியம் போய்விடும் என்று நின்றபடியே சொன்னேன். நான் செய்தது பிழை, தங்கச்சி, சாதி பார்த்துத்தான் செய்தேன் என்றேன். என் வாழ்நாளில் யாரிடமும் இப்படி ஒன்றைச் சொன்னதில்லை.

அவள் தலைமயிரைக் கட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்.

"நானும் தர்சனும் படகில வந்து வில்லாவுட் தடுப்பு முகாமுக்க இருந்தனாங்கள், அக்கா. அவன் அப்ப சின்னப்பிள்ளை. கோயில் ஆக்கள் சோறு கொண்டு வருவினம். நீங்களும் வந்திருப்பியள்."

"வந்தனான்." அப்போது உள்ளே சாப்பாடு கொண்டுபோக விட்டார்கள். பெரிய பெரிய சட்டிகளில் நான் கத்தரிக்காய்க் கறி கொண்டுபோயிருக்கிறேன்.

"அப்ப ஒருத்தரும் எந்தப் பக்கம் எண்டு கேக்கேல்லை. இப்ப நான் வேலை செய்யிற இடத்திலயும் உங்கட பக்கத்து ஆக்கள் ரெண்டு மூண்டு பேர் இருக்கினம். கை நடுங்கும், பிடிச்சுச் சாப்பிட ஏலாது. நான்தான் தீத்துறனான். வாயைத் திறக்கினம்."

கொடுக்கிறபோது எனக்கு ஒரு தடையும் இருந்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சட்டி சட்டியாகக் கொடுத்தேன், சாட்சி கொடுத்தேன். கொடுக்கிறவள் மேலே நிற்கிறாள். அவள் பெட்டியை நீட்டியபோது நான் வாங்குகிறவள் ஆக வேண்டியிருந்தது, அதுதான் முடியவில்லை.

"நான் என்ன செய்ய, கமலா?"

"மாத்தி வைக்கேக்க என்னட்டக் கேட்டோ மாத்தி வைச்சனீங்கள்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "என்ர பிள்ளைக்குக் கெட்ட பேர் வந்தது எல்லாருக்கும் முன்னால. நீங்கள் கதவைச் சாத்திப்போட்டு எனக்குச் சொல்லுறியள்."

அறைக்குள்ளே இருந்து தர்சன் கார்த் திறப்போடு வந்தான். தாயை வேலைக்கு விடப் போகிறவன். "ஹலோ அன்ரி. உங்களையும் வீட்டில இறக்கிவிடுறன், வாங்கோ," என்றான். பின் இருக்கையில் ஏறினேன். கொஞ்சத் தூரம் போனபிறகு கேட்டேன்.

"மகன், நீ ஏன் நிண்டனி எண்டு ஒருத்தருக்கும் சொல்லாமல் விட்டதென்ன? உன்னைப் பேசுகினமே."

"எப்பிடிச் சொல்லுறது, அன்ரி? சொன்னா எல்லாரும் உங்களை மாதிரித்தானே கேப்பினம், எந்தப் பக்கமெண்டு. ஐ டோன்ட் வான்ட் டு எக்ஸ்ப்ளெய்ன் மை மதர்." பிறகு எனக்காகத் தமிழில் சொன்னான். "என்ர அம்மாவை நான் ஆருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை."

"நான் சொல்லட்டோ? ஊர்ச் சஞ்சிகைக்கும் எழுதுறன். உங்கட பேர் வரும்."

அவன் தாயைப் பார்த்தான்.

"எழுதட்டும்," என்றாள் கமலா. "வெக்கப்பட வேண்டிய ஆக்கள் நாங்கள் இல்லையே."

8

போன சனிக்கிழமை பருவத்தின் கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்தில். கமலாவையும் தர்சனையும் நான் வரச்சொல்லிக் கேட்கவில்லை. என் மன்னிப்பைப் பார்க்க அவர்களை இழுத்து நிற்பாட்டுவது இன்னொரு பிழை என்று பட்டது.

ஆட்டம் தொடங்குமுன் பொடியன்கள் முழங்காலில் இருந்தார்கள். நன்றாகப் பழகிவிட்டார்கள், ஒன்றுபோல இருந்து ஒன்றுபோல எழும்பினார்கள். தேநீர் நேரம் இரண்டு அணியும் மேசைகளுக்கு வந்தது. பார்க்க வந்த எங்கள் சனமும் நின்றது. நான் இரண்டு மேசைக்கும் நடுவில் போய் நின்றேன்.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்கோ. தர்சன் நன்றிகெட்டவன் இல்லை. அவன் நிண்டது என்னால. அவன்ர தாய் கமலா உங்களுக்கெண்டு செய்துகொண்டு வந்த சூசியத்தை நான் சாதி பாத்து எதிரணியின்ர மேசையில வைச்சனான். நீங்கள் ஒருத்தரும் அதில கை வைக்கேல்லை. அவன் அதைக் கண்டவன்."

சத்தமாகத்தான் சொன்னேன். என் குரல் சின்னக் குரல் இல்லை.

சிலர் சப்பாத்தைப் பார்த்தார்கள். சிலர் தொலைபேசியை எடுத்தார்கள். சிவம் என் பக்கத்தில் வந்து மெல்ல, "பரமேசக்கா, பொடியள் பசியோட நிக்கினம். உதெல்லாம் வீட்டில கதைப்பம்," என்றார். சொல்லிவிட்டு ஒரு தட்டை எடுத்தார். அவர் எடுத்ததும் மற்றவர்களும் எடுத்தார்கள்.

எதிரணியின் தலைவன் நல்ல பிள்ளை. கிழவி ஏதோ முக்கியமாகச் சொல்லுகிறாள் என்று தன் ஆட்களைக் கைகாட்டி நிறுத்தி வைத்திருந்தான். அவன் ரமணனிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்டான். அந்தளவு எனக்கு விளங்கியது.

ரமணன் என்னைப் பார்த்தான். அவனுக்கு என்ன செய்யலாம் என்று தெரியவில்லை, பாவம். அவன் முகத்தில் நான் பெற்ற பிள்ளையைக் கண்டேன், என் கெட்டித்தனத்தையும் கண்டேன்.

"ஷீ இஸ் சேயிங், டீ இஸ் ரெடி," என்றான்.

"தாங்க் யூ!" என்று எல்லாரும் என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு மேசைக்கு வந்தார்கள்.

"நோ," என்றேன். "நோ டீ."

நீட்டிய கைகள் ரோல்ஸுக்கு மேலே அப்படியே நின்றன. அந்தப் பிள்ளைகள் குழம்பிப்போய் என் முகத்தைப் பார்த்தார்கள். காத்துக்கொண்டு நின்றார்கள். அடுத்து நான் எதைச் சொன்னாலும் கேட்டிருப்பார்கள். எனக்கு அதற்குமேல் ஆங்கிலம் இல்லை. என்னிடம் இருந்த தமிழ் விளங்கக்கூடியவர்கள் எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதினேன்.